குரூமிங் தொழில் தொடங்குமுன் ஒரு பயிற்சி: சேரலாமா?

செல்லப்பிராணிகளை வைத்துச் சிறு தொழில் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குரூமிங்தான். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது செல்லப்பிராணிகளைத் தங்கவைக்கும் போர்டிங் நடத்தப் பெரிய இடம் வேண்டும். தீவனமும் பொருள்களும் விற்பதென்றால் சரக்கில் முதல் முடங்கும். ஆனால் குளிப்பாட்டி, முடி திருத்தி, நகம் வெட்டிவிடும் வேலைக்கு ஓர் அறையும் தண்ணீர் வசதியும் மேசையும் சில கருவிகளும் இருந்தால் போதும் என்று தோன்றும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, வாய் திறந்து எதையும் சொல்ல முடியாத, பயந்தால் கடிக்கக்கூடிய ஓர் உயிரை இன்னொருவர் நம்பி நம் கையில் ஒப்படைக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, முழுவதும் படித்து முடித்து, இப்போது சிறிய அளவில் தொழிலும் நடத்திவருகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதையொத்த பாடத்திட்டம் கொண்ட வகுப்புகள் பல இடங்களில் நடப்பதால், எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தீர்மானிக்க இந்த மதிப்புரை உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கைக் கையாளக் கற்றுத்தரும் பகுதிக்காக இந்தப் பயிற்சியில் தாராளமாகச் சேரலாம். தொழிலை நடத்தக் கற்றுத்தரும் பகுதியோ, அதே பயிற்சி முன்பு சொல்லித்தந்த பாடத்துக்கே எதிராக நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் தொழிலில் இறங்குகிறவர் பணத்தை இழப்பதோடு, மேசை மேல் நிற்கும் விலங்கையும் துன்புறுத்துவார்.

தொடக்க வகுப்புகளில் கத்தரிக்கோலையோ, முடிவெட்டும் மின்கருவியான கிளிப்பரையோ தொடவே விடவில்லை. மேசை மேல் நிற்கும் நாயைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். உதட்டை நக்கிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடல் இறுகி மூச்சுகூட நின்றதுபோல அசையாமல் நிற்பது ஆகிய எல்லாமே உறுமலுக்கு முன்பே நாய் தன் அச்சத்தைத் தெரிவிக்கும் வழிகள். வாலாட்டினால் மகிழ்ச்சி என்று பொதுவாக நம்புகிறோம். விறைத்து உயர்ந்த வால் சிறு வீச்சில் வேகமாக ஆடுவது பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். உறுமுகிற நாயை அதட்டி அடக்கினால் அது அச்சத்தை விடுவதில்லை, எச்சரிப்பதை மட்டும் விட்டுவிடுகிறது என்று ஆசிரியர் விளக்கியதை இந்தப் பயிற்சியின் ஆகச் சிறந்த பாடமாகக் கருதுகிறேன். அப்படிப்பட்ட நாய் அடுத்த முறை யாரையாவது முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். பழியும் அதன் மேலேயே விழும்.

முடி பற்றிய பாடமும் பொறுமையாக நடந்தது. குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நனைந்து காயும்போது சிக்கு இன்னும் இறுகிவிடும் என்பதில் தொடங்கி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து அடிவரை வாரும் முறையைப் பழக்கினார்கள். மேலோட்டமாக வாரிய நாய் பார்க்கப் பளபளவென்று இருக்கும். நெருக்கமான பற்கள் கொண்ட இரும்புச் சீப்பைத் தோலை ஒட்டி வைத்து இழுத்தால் காதின் பின்புறத்திலும் முன்னங்காலின் இடுக்கிலும் கழுத்துப்பட்டை உரசும் இடத்திலும் அது சட்டென்று நின்றுவிடும். அங்கே விரலை விட்டுப் பார்த்தால், கம்பளிபோல் திரண்ட சிக்குக் கட்டி தோலைத் தன்னோடு சேர்த்து மேலே இழுத்துப் பிடித்திருப்பது தெரியும். இந்த நிலையில் கத்தரிக்கோலை உள்ளே விட்டால் முடியோடு தோலும் வெட்டுப்படும் ஆபத்து உண்டு. கிளிப்பரின் பிளேடைத் தோலுக்கும் கட்டிக்கும் இடையே சரிவில்லாமல் படுக்கவைத்து ஓட்டி, முழுக்க எடுத்துவிடுவதே விலங்குக்கு வலி குறைந்த வழி. சிக்கு நீங்கிய தோல் சிவந்திருக்கலாம், புண் ஏற்கெனவே இருந்திருக்கலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே உரிமையாளரை அருகில் அழைத்துக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொல்லித்தந்தார்கள்.

கிளிப்பர் பிளேடின் எண் கூடக்கூட முடி குட்டையாக வெட்டப்படும். 10 எண் பிளேடு சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். 7எஃப் (எஃப் என்பது முடியைச் சீராக வெட்டும் ரகம்) சுமார் 3 மில்லிமீட்டர். 4எஃப் 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எண்களை மனப்பாடம் செய்வது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு சூடேறி, முடி குறைந்த வயிற்றுத் தோலில் தீப்புண்ணை உண்டாக்கும் என்பதை நினைவில் வைத்து, அடிக்கடி நிறுத்தி மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பழக்கத்தால் வர வேண்டியது. ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் போன்ற இரட்டை அடுக்கு முடி கொண்ட நாய்களை வெயில் காலத்துக்காக மொட்டையடிக்கக் கேட்கும் உரிமையாளர்கள் வரத்தான் செய்வார்கள். அந்த முடி வெப்பத்திலிருந்தும் காக்கிறது. அடியோடு எடுத்தபின் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை. உதிர்ந்து தங்கிய உள்முடியை வாரி எடுத்தாலே காற்றோட்டம் கிடைத்துவிடும் என்று பணிவாக எடுத்துச் சொல்லி, மொட்டையடிக்க மறுக்கும் பயிற்சியை ஆசிரியர் எங்களை மாறி மாறி உரிமையாளராகவும் குரூமராகவும் பேசவைத்தே கொடுத்தார். நான் இன்றுவரை அதிகம் பயன்படுத்துவது அந்தப் பேச்சுப் பயிற்சியைத்தான்.

நகம் வெட்டும் வகுப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வெளிர்நிற நகத்தில் இரத்த நாளம் ஓடும் பகுதி இளஞ்சிவப்பாக வெளியிலேயே தெரியும். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. அதனால் ஒரே வெட்டாக வெட்டாமல், மெல்லிய சீவல்களாக நுனியை எடுத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அது காய்ந்து வெளுத்த தூள்போல் இருக்கும். இன்னும் சற்று உள்ளே போனால் நடுவில் ஈரப்பளபளப்போடு ஒரு கரும்புள்ளி தோன்றும். அந்தப் புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இரத்தக்கசிவை நிறுத்தும் தூளைத் திறந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கச் செய்தது இவர்களுடைய நல்ல ஒழுங்கு.

உலர்த்தும் பாடத்தில் எச்சரிக்கைகள் அதிகம், அது நியாயமும்கூட. நாய் முக்கியமாக வாய் திறந்து மூச்சிரைத்தே தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக், ஷிட்சூ போன்ற தட்டை முக இனங்களுக்கு அதுவும் முழுமையாக முடியாது. அவற்றைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விட்டு வேறு வேலைக்குப் போவது உயிருக்கே உலை வைக்கும். மேசைக் கம்பத்தின் கழுத்துக் கயிற்றில் கட்டிய நாயை நொடிப்பொழுதுகூடத் தனியே விடக்கூடாது. குதித்தால் கழுத்து இறுகிவிடும். வேக டிரையரின் இரைச்சல் நமக்கும் கேடு, 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் மணிக்கணக்கில் நின்றால் கேட்கும் திறன் குறையும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் பயிற்சி பெறுபவர்களுக்குக் காதடைப்பான் கொடுக்கவில்லை. பறக்கும் முடியை மூச்சில் இழுக்காமலிருக்க முகக்கவசமும் நாங்களே வாங்கிக்கொண்டோம். இது சிறிய செலவு என்றாலும், பாதுகாப்பைப் பாடமாக நடத்தும் இடம் இதில் அலட்சியமாக இருப்பது சரியன்று.

பூனைக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. பூனையின் தோல் மெல்லியது, எளிதில் கிழியக்கூடியது. நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு நஞ்சு. இவ்விரண்டையும் தெளிவாகச் சொன்னார்கள், ஆனால் கைப்பழக்கம் வரும் அளவுக்குப் பூனைகள் வரவில்லை. இந்தப் பயிற்சியை மட்டும் நம்பிப் பூனை குரூமிங்கும் செய்துதருவோம் என்று பலகை வைப்பது தவறு என்பது என் கருத்து.

சுகாதாரப் பாடம் தரமாக இருந்தது. நாய்களுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது, சாதாரணத் தரைத் துடைப்பான் திரவங்கள் பலவற்றுக்கு அது அசையாது; முதலில் அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலைப் பூசி 10 நிமிடமாவது விட வேண்டும் என்று செய்துகாட்டினார்கள். படர்தாமரை விலங்கிலிருந்து மனிதருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வட்டமாக முடி உதிர்ந்த இடம் கண்ணில் பட்டால் கருவிகளைத் தொடவிடாமல் கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைப் பார்க்காமல் எந்த விலங்கையும் உள்ளே எடுக்கக்கூடாது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். தொழில் வகுப்பை நடத்த வேறொருவர் வந்தார். ஒரு நாளில் இத்தனை நாய்கள், ஒரு நாய்க்கு இவ்வளவு கட்டணம், ஆகவே மாதத்துக்கு இவ்வளவு வருமானம் என்று பலகையில் பெருக்கிக் காட்டினார். அந்தக் கணக்கில் ஒரு நாய் இறங்கியதும் அடுத்தது மேசை ஏறிவிடுகிறது. நடுவில் கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யவோ, வடிகாலில் அடைத்த முடியை எடுக்கவோ, பயந்த நாய்க்கு இடைவேளை கொடுக்கவோ, உரிமையாளரிடம் தோலின் நிலையைக் காட்டிப் பேசவோ ஒரு நிமிடம்கூட இல்லை. அவசரப்படாதே என்று பக்கத்து அறையில் பாடம் நடத்திவிட்டு, அவசரப்பட்டால்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கை இங்கே கொடுப்பது பயிற்சி பெறுபவருக்குச் செய்யும் அநீதி. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் கடன் தவணையை நினைத்துக்கொண்டு இந்த வருமானக் கணக்கைத்தான் பின்பற்றுவார். அதன் விளைவைச் சூடேறிய பிளேடின் கீழே நிற்கும் நாய்தான் அனுபவிக்கும்.

கட்டணத்தை இனத்தை வைத்து நிர்ணயிக்கச் சொன்னதும் சரியாகப் படவில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு நாய்களில், நாள்தோறும் வாரப்படும் ஒன்றுக்கு ஆகும் நேரமும், மாதக்கணக்கில் சீப்பே படாத மற்றொன்றுக்கு ஆகும் நேரமும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். உடலின் அளவு, முடியின் நிலை, நாயின் குணம் ஆகிய மூன்றையும் நேரில் பார்த்த பிறகே கட்டணம் சொல்வது என்ற வழக்கத்தை நானே வகுத்துக்கொண்டேன். ஒவ்வொரு விலங்குக்கும் தடுப்பூசி நாள், ஒவ்வாமை, வயது, இதய நோய் அல்லது வலிப்பு உண்டா, எங்கே தொட்டால் கோபிக்கும், எந்த மருத்துவரிடம் காட்டுகிறார்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்கும் அட்டையின் மாதிரியைக்கூட அவர்கள் தரவில்லை. கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களை என்ன செய்வது, காயம் ஏற்பட்டால் யார் செலவை ஏற்பது, காப்பீடு எடுக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்குக் கிடைத்த பதில், “அதெல்லாம் போகப்போகப் புரியும்” என்பதுதான். இவை போகப்போகப் புரியவேண்டியவை அல்ல. கதவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டியவை.

பயிற்சியோடு சேர்த்து விற்கும் கருவித் தொகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளிப்பர் உறுதியானது, அதிர்வு குறைவு, கழற்றி மாற்றும் பிளேடுகள் எளிதில் கிடைப்பவை. கத்தரிக்கோல்கள் வெகுவிரைவில் முனை மழுங்கிவிட்டன. மேசையின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதுதான் பெரிய குறை. நாள் முழுவதும் குனிந்து நின்று செய்யும் வேலையில் முதலில் பழுதாவது இடுப்புதான். தொகுப்பாக வாங்காமல், உயரம் மாற்றக்கூடிய மேசைக்கும் நல்ல கத்தரிக்கோலுக்கும் முதலைச் செலவிட்டு, வாசனைத் தெளிப்பான், ரிப்பன், வில்முடிச்சு போன்றவற்றைத் தள்ளிவைப்பதே நல்லது.

சான்றிதழ் பற்றி ஒரு தெளிவு தேவை. பல நாடுகளில் குரூமிங் செய்வதற்கென்று அரசு நடத்தும் உரிமத் தேர்வு கிடையாது. ஆகவே இந்தச் சான்றிதழ் படித்ததற்கான அத்தாட்சியே தவிர, கடை திறப்பதற்கான அனுமதி ஆகாது. உள்ளாட்சி அனுமதி, கழிவுநீர் விதிகள், அக்கம்பக்கத்தாரின் ஒப்புதல் ஆகியவற்றை அவரவர் இடத்தில் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நாய்களோடு இருப்பது பிடிக்கும், ஆனால் பிறர் வளர்க்கும் நாயைக் கையாண்டு பழக்கமில்லை என்பவர்களுக்கு இந்தப் பயிற்சியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஏற்கெனவே ஒரு குரூமிங் கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாகக் கிடைப்பது குறைவு. அவர்கள் அந்தப் பணத்தில் விலங்கு முதலுதவி வகுப்பும் கணக்கு எழுதும் வகுப்பும் படிக்கலாம். எங்கே சேர்வதானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், ஒருவர் கைக்குத் தனியாக எத்தனை விலங்குகள் கிடைக்கும், நாய் மறுத்தால் வேலையைப் பாதியில் நிறுத்துகிறார்களா என்ற மூன்றையும் விசாரியுங்கள். மூன்றாவதற்கு மட்டும் வாய்ப்பதிலை ஏற்காமல், வகுப்பில் அப்படி நிறுத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.