ஜிம்னியா, எக்ஸ்சி40ஆ? மருமகனுக்கு ஒரு பதில்

சிங்கப்பூரில் ஜீப் எதற்கு என்று கேட்பவர்கள், பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் இருக்கும் ஏதாவது ஒரு பலமாடி கார் நிறுத்துமிடத்துக்குள் சுஸுக்கி ஜிம்னியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான வளைவுகள், கண்ணை மறைக்கும் தூண்கள், இரண்டு பக்கமும் கோட்டைத் தொட்டு நிற்கும் வண்டிகள். ஜிம்னியின் அகலம் 1.645 மீட்டர்தான். பின்னால் தொங்கும் மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து நீளம் 3.645 மீட்டர். 2.4 மீட்டர் அகலக் கட்டத்தில் நிறுத்திய பிறகும் முக்கால் மீட்டர் மிச்சம் இருக்கும். திரும்பும் ஆரம் 4.9 மீட்டர் என்பதால் ஒரே மூச்சில் உள்ளே போய்விடலாம். காட்டுக்காகச் செய்த வண்டி நம் ஊர் கார் நிறுத்துமிடத்துக்கு இவ்வளவு பொருந்துகிறது. விளம்பரத்தில் பாறை மேல் ஏறும் படம் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

என் தங்கை மகன் ஜிம்னி வைத்திருக்கிறான். என் மகளைக் கட்டிய மருமகனிடம் வால்வோ எக்ஸ்சி40 இருக்கிறது, டி5 ரகம், நான்கு சக்கர இயக்கம் உள்ளது. நான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இரண்டு வண்டிகளின் காப்புறுதியிலும் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதால், வீட்டில் யாரை எங்கே கொண்டுபோக வேண்டுமென்றாலும் சாவி என் கைக்குத்தான் வரும். சென்ற பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கோத்தா திங்கியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இரண்டு வண்டிகளிலும் எல்லாரும் போனோம். திரும்பி வந்ததும் மருமகன் கேட்டார்: "மாமா, இதைக் கொடுத்துட்டு நானும் ஒரு ஜிம்னி எடுத்துக்கவா?" அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவட்டும்.

முதலில் பார்வை. பேருந்து ஓட்டியவனுக்கு வண்டியின் மூலை எங்கே முடிகிறது என்பது மிக முக்கியம். ஜிம்னியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் முன் மூடியின் இரண்டு ஓரங்களும் கண்ணுக்கு நேராகத் தெரியும். பக்கக் கண்ணாடிக்கு அருகே கதவுச் சன்னலைக் கொஞ்சம் தாழ்த்தி வெட்டியிருக்கிறார்கள். அந்த வழியாக முன் சக்கரம் கிடக்கும் இடத்தை ஊகித்துவிடலாம். நெட்டுக்குத்தான கண்ணாடிகள், நெட்டுக்குத்தான கதவுகள். எக்ஸ்சி40இல் உட்காரும் உயரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் கதவுச் சன்னலின் கோடு மேலே ஏறிப்போய் அங்கே ஒரு தடித்த தூணாக முடிகிறது. அழகுக்காகச் செய்தது. பின்னால் எடுக்கும்போது அந்த மூலைக்குக் கேமராவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 1.863 மீட்டர் அகலமும் சேர்ந்துகொண்டால், வயதானவர்கள் கதவைத் திறந்து இறங்கப் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம்னியின் இயந்திரம் 1,462 சிசி, 75 கிலோவாட். 1,600 சிசி, 97 கிலோவாட் என்ற இரண்டு வரம்புக்குள்ளும் அடங்குவதால் அது சிஓஇயில், அதாவது ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில், ஏ பிரிவு. எக்ஸ்சி40 டி5 1,969 சிசி, ஆகவே பி பிரிவு. இரண்டு பிரிவுக்கும் உள்ள இடைவெளி ஏலத்துக்கு ஏலம் மாறும். 2023 அக்டோபர் இரண்டாவது ஏலத்தில் ஏ பிரிவு 106,000 வெள்ளி, பி பிரிவு 150,001 வெள்ளி. சாலை வரியும் ஆண்டுக்கு ஏறக்குறைய 660 வெள்ளி, 1,175 வெள்ளி என்று பிரிகிறது. பணத்தை மட்டும் பார்த்தால் மருமகனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இனி பயணம். ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் ஜிம்னியில் போவது இன்பம். கடற்பால நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அலுப்பில்லை. ஜொகூர் பாரு தாண்டி செனாய் - டெசாரு நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். தானியங்கிப் பல்லிணைப்பில் நான்கே கியர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் இயந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டே வரும். நெட்டுக்குத்தான முன்கண்ணாடியில் காற்று மோதும் ஓசை அதோடு சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் பெரிய லாரி கடந்தால் வண்டி லேசாக அசையும், நாம் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் அமைப்பு பழைய குண்டு சுழல் வகை. மேடுபள்ளத்தில் சக்கரம் வாங்கும் அடியைக் கைக்கு ஏற்றாமல் தாங்கிக்கொள்ளும் என்பதற்காகத்தான் ஜீப்களில் அதை வைக்கிறார்கள். அதே காரணத்தால் நேர்ச்சாலையில் நடுப்பகுதியில் ஒரு தளர்வு இருக்கும். முன்னும் பின்னும் ஒரே தண்டாக இருக்கும் அச்சு, அதன் மேல் ஏணி போன்ற தனிச் சட்டம், அதன் மேல் உடல். சாலையில் ஒரு ஒட்டு வந்தாலும் இரண்டு தோளுக்கும் சேதி வரும்.

எக்ஸ்சி40 அதே சாலையில் வேறு உலகம். எட்டு கியர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தொங்கமைப்பு. வேகமே தெரியாது. அக்கா வீட்டில் போய் இறங்கும்போது முதுகு வலிக்கவில்லை. களைப்பில்லாத ஓட்டுநர் ஓட்டும் வண்டியில்தான் குடும்பம் பத்திரமாகப் போகும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது. அதனால் இந்தச் சொகுசை நான் ஆடம்பரக் கணக்கில் எழுத மாட்டேன். குறை என்றால் ஒன்று சொல்வேன்: குளிர்சாதனத்தின் அளவை மாற்றக்கூடத் திரையைத் தொட வேண்டியிருக்கிறது. ஓடும் வண்டியில் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைக்கும் எதையும் என்னால் ஏற்க முடியாது. ஜிம்னியில் அதற்குத் திருகுகள் இருக்கின்றன, தடவியே கண்டுபிடித்துவிடலாம்.

அக்கா வீடு செம்பனைத் தோட்டத்துக்குள்ளே இருக்கிறது. தார்ச்சாலை முடிந்ததும் செம்மண் தடம். குலை ஏற்றிப் போகும் டிராக்டர்கள் இரண்டு பக்கமும் ஆழமாக வரி போட்டு, நடுவில் மண் திட்டு மேடாக நிற்கும். முந்தின இரவு மழை பெய்திருந்தது. மருமகன் கையேட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இதோட தரை இடைவெளி 211 மில்லிமீட்டர், ஜிம்னி 210தான்" என்றார். அந்த எண்கள் சரிதான். ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்ததும் எக்ஸ்சி40ஐத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் வண்டி வாங்குகிறார்கள்.

எக்ஸ்சி40இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.702 மீட்டர், ஜிம்னியில் 2.25 மீட்டர். திட்டு ஒன்று நடுவில் வந்தால் நீளமான வண்டியின் வயிறுதான் முதலில் உரசும். அடுத்தது சக்கரம். ஜிம்னியின் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால், ஒரே தண்டு என்பதால் மறுபக்கச் சக்கரம் கீழே அழுத்தப்பட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தனித்தனித் தொங்கமைப்பில் அது சீக்கிரம் அந்தரத்தில் தொங்கிவிடும். எக்ஸ்சி40 சாதாரணமாக முன் சக்கரங்களால் ஓடும். வழுக்கினால் கணினி பின் சக்கரங்களுக்கும் இழுவையை அனுப்பும். மழைநீர் தேங்கிய தார்ச்சாலைக்கு அது அருமையான ஏற்பாடு. வரித் தடத்துக்கு அது போதாது. அங்கே வேண்டியது தாழ்நிலைக் கியர். ஜிம்னியை நிறுத்தி, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கம்பியை 4எல் நிலைக்குத் தள்ளினால், வேகம் ஏறக்குறைய பாதியாகும், இழுவிசை இரட்டிப்பாகும். பிறகு மிதியை மிதிக்கவே தேவையில்லை, வண்டி தானாக நடக்கும். எல்லாரையும் அதில்தான் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டுபோய் அக்கா வாசலில் இறக்கினேன். 1,100 கிலோவுக்குப் பக்கத்தில் எடை, அதனால் சேற்றிலும் அமிழவில்லை. 1970இல் 359 சிசி இயந்திரத்தோடு ஆரம்பித்த வண்டி இது. தமிழ்நாட்டில் ஜிப்ஸி என்று போலீஸ்காரர்கள் ஓட்டினார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இந்த ஒரு வேலையை விடாமல் செய்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை.

அப்படியென்றால் மருமகனிடம் ஏன் வேண்டாம் என்றேன்?

அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு குழந்தை இன்னும் தள்ளுவண்டியில். ஜிம்னியில் நான்கு பேர்தான் உட்காரலாம். பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து ஏற வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் ஏறவே முடியாது. பின் இருக்கை விரிந்திருந்தால் சாமான் இடம் 85 லிட்டர்தான், தேக்காவில் ஒரு வாரக் காய்கறி வாங்கினாலே நிரம்பிவிடும். எக்ஸ்சி40இல் 460 லிட்டர். ஒலிபெருக்கியைக் கதவிலிருந்து எடுத்து முன்பலகைக்குள் வைத்திருப்பதால் கதவுப் பையில் பால் போத்தல், துணி, தண்ணீர் எல்லாம் போகும். பையைத் தொங்கவிட முன்னால் ஒரு கொக்கி. குழந்தை இருக்கும் வீட்டில் ஓட்டிப் பார்த்தவர் யாரோதான் இதை வடிவமைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. புதிய கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2018இல் இரண்டு வண்டிகளையும் சோதித்தது. எக்ஸ்சி40 ஐந்து நட்சத்திரம், பெரியவர்களின் பாதுகாப்புக்கு 97 விழுக்காடு. ஜிம்னி மூன்று நட்சத்திரம், 73 விழுக்காடு. செம்மண் தடம் ஆண்டில் சில நாள். தீவு விரைவுச்சாலை ஒவ்வொரு நாளும். பேரப்பிள்ளைகள் ஏறும் வண்டியில் இந்த இடைவெளியை நான் எந்தச் சேமிப்புக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "இருக்கிறதையே வச்சுக்குங்க. அக்கா வீட்டுக்குப் போகும்போது ஜிம்னி வச்சிருக்கிற தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றேன்.

தங்கை மகனுக்கு அதே ஜிம்னி சரியான வண்டி. தனி ஆள், வேலை செம்பவாங்கில், வாரக்கடைசியில் நண்பர் ஒருவரோடு மீன்பிடிக்கக் கிளம்பிவிடுவான். பின் இருக்கையை மடக்கிவிட்டால் தூண்டில், கூடாரம், அடுப்பு எல்லாம் அடங்கும்.

அவனைப் போல் இருப்பவர்கள் பழைய ஜிம்னி வாங்கப் போனால், முதலில் குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். டெசாரு கடற்கரை மணலில் ஓடிவிட்டு உப்புத்தண்ணீரைக் கழுவாத வண்டியில் துரு அங்கேதான் தொடங்கும். நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். முன், பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால் வளைவில் உள் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். சரளைக்கல் போட்ட இடம் ஒன்றைத் தேடி, 2ஹெச் (இரு சக்கர இயக்கம்), 4ஹெச் (நான்கு சக்கர இயக்கம்), 4எல் (தாழ்நிலைக் கியரில் நான்கு சக்கர இயக்கம்) மூன்றையும் மாற்றிப் பாருங்கள். மலேசியாவுக்குள் போகுமுன் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும், ஜிம்னிக்கு அது 30 லிட்டர். பின் கதவு பக்கவாட்டில் திறப்பது, மேலே தூக்குவது இல்லை. ஆகவே சுவரை ஒட்டிப் பின்னால் நிறுத்திவிட்டுச் சாமான் எடுக்க நினைக்காதீர்கள்.