அந்தியூரிலிருந்து தாராபுரம்: மிரளுகிற குட்டியை எதில் ஏற்றுவது?

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள், நாலு தடவை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிந்த பிறகுதான் இதை எதில் ஏற்றிக்கொண்டு போவது என்ற நினைப்பே வரும். கண்ணில் படுகிற முதல் வண்டியைக் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதுவரை மூன்று குட்டிகள், மூன்று விதமாக வந்திருக்கின்றன. மூன்றும் ரெண்டு வயசுக்குள், மூன்றும் மிரளி.

எது நல்ல வழி என்று சொல்ல எனக்கு ஒரே அளவுகோல்தான். காலையில் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆகவேண்டும். பயம் இருக்கிற இடத்தில் படுக்காது. விலாவில் வைக்கோல் இருந்தால் வீடு பழகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் குட்டி வந்தது குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில். வாடகை குறைவு, உடனே கிடைக்கும், தோட்டத்து வண்டித்தடத்துக்குள்ளும் நுழையும். நல்லது அவ்வளவுதான். பின்தட்டு நீளம் ஏழடிக்குச் சற்று மேல். கத்தியவார் இனக் குதிரைக்குட்டி அதில் நிற்கும், ஆனால் பிரேக் போடும்போது ஒரு எட்டு முன்னே பின்னே வைத்துச் சமாளிக்க இடம் இருக்காது. தரை வெறும் தகரம். லாடமடிக்காத குளம்பு அதில் சறுக்கும்போது வரும் சத்தம் இருக்கிறதே, அந்தச் சத்தத்துக்கே இன்னொரு தடவை மிரளும். டிரைவர் தம்பி தலைக்கயிறை கேபின் கம்பியில் ஒரு முழம் கூட விடாமல் இறுக்கிக் கட்டினார். பெருந்துறைக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு லாரி பக்கத்தில் வந்து ஏர் ஹாரன் அடித்தது. குட்டி முன்னங்காலை மடித்து விழுந்தது, முட்டித்தோல் போய்விட்டது. வீடு வந்து வைக்கோல் ஒட்ட 19 நாள்.

கயிறு விஷயத்தில் இன்னொன்று. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேர்கிற சளியும் தூசியும் வெளியே வடியும். மூன்று மணி நேரப் பயணத்தில் பரவாயில்லை. ராஜஸ்தானிலிருந்து நாள்கணக்கில் தலையை உயர்த்திக் கட்டியே கொண்டுவந்தால் நுரையீரலில் சீழ் பிடிக்கலாம். தூரத்திலிருந்து வந்த குதிரையைச் சந்தையில் வாங்குகிறவர்கள் முதலில் அதன் மூச்சைக் கவனிப்பது நல்லது.

ரெண்டாவது குட்டி, குதிரை வாங்கின பல பேர் சேர்ந்து பிடித்த பங்கு லாரியில் வந்தது. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் டிரைவரிடம் பேச வாய் இருக்கும். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, சாதாரண சரக்கு வண்டியில் குதிரை ஏற்றினால் தரை சறுக்கக்கூடாது. ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் 8 செ.மீ. கனமாவது உள்ள மூங்கில் கட்டவேண்டும். எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடப்பக்கம் இருக்கவேண்டும். வேகம் 35 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 35இல் ஓட்டுகிற டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் மூங்கில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த லாரியில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நாலு குதிரை நின்றதால் குட்டி கத்தவே இல்லை.

சிக்கல் வேறு இரண்டு. ஒவ்வொரு ஊராகப் போய் இறக்கி எங்கள் ஊருக்கு வர ஆறு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு குதிரை இறங்கும்போதும் மிச்சமிருந்தவை கனைத்தன. கடைசியில் இறங்கினது எங்களுடையது. கூட்டத்தோடு வந்து ஒற்றையாக நிற்பது, ஆரம்பத்திலிருந்தே ஒற்றையாக வந்ததைவிடக் கொடுமை என்று அன்றைக்குத்தான் பட்டது. அடுத்தது நோய். ஊர்பேர் தெரியாத குதிரையோடு மூக்கு உரசிக்கொண்டு வந்தால் தாடைக்கடியில் கழலை கட்டிச் சீழ் வடிகிற தொற்று ஒட்டிக்கொள்ளலாம். வெளியே தெரிய ரெண்டு வாரம்கூட ஆகும். அதனால் பங்கு லாரியில் வந்த குட்டியை மூன்று வாரமாவது தனியாக, தனி வாளியோடு கட்டவேண்டும். துணை வேண்டும் என்று லாரியில் ஏற்றிவிட்டு, அந்த லாரியில் வந்ததாலேயே தனியாகக் கட்டுகிறோம். வைக்கோல் ஒட்ட 11 நாள்.

நடத்தியே கூட்டிப்போவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பவானி, கோபி பக்கம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்: விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிழலில் கட்டி, சாயங்காலம் மறுபடி. வழியெல்லாம் கயிறு பிடித்த ஆளை அது பழகிக்கொள்ளும். தாராபுரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தார்ரோட்டில் லாடமில்லாத குளம்பு தேய்ந்து போகும்.

குதிரைக்கென்றே செய்த பெட்டி வண்டி வசதியானதுதான். பக்கமெல்லாம் மெத்தை, சாய்வுப் பலகை. ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரமாகும். மிரளிக்கு அந்தப் பெட்டி ஒரு குகை. ஏறிப் பழகாத குட்டியைச் சந்தையில் வைத்து ஏற்றப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும்.

மூன்றாவது குட்டிக்கு 14 அடி ஐஷர் லாரி பிடித்தேன். காங்கேயத்தில் மாமா வீட்டில் வண்டி இழுத்து ஓய்ந்த ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை இருந்தது. போகும்போதே அதை ஏற்றிக்கொண்டு அந்தியூர் போனோம். வாடகை குட்டி யானையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாமாவே சிரித்தார்: "ஏனுங் மாப்ள, குதிரை வாங்கக் குதிரையக் கூட்டீட்டுப் போறீங்களா?"

தரையில் மணல் கொட்டி மேலே வைக்கோல் பரப்பினோம். தார்ப்பாயை வேண்டாம் என்று கழற்றச் சொன்னேன்; ஆடிக்காற்றில் அது படபடப்பதைவிட நாலு துளி மழை மேல். சந்தையை ஒட்டிய ஒரு மண்மேட்டுக்குப் பின்பக்கத்தை அணைத்து நிறுத்தினதில் தட்டும் மேடும் ஒரே மட்டம். விற்ற ஆள் கண்ணைக் கட்டி ஏற்றலாம் என்றார், இன்னொருவர் மயக்க ஊசி என்றார். இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. மயங்கின குதிரைக்கு ஓடுகிற வண்டியில் கால் நிற்காது. பெட்டை முதலில் ஏறிக் கொள்ளு தின்ன ஆரம்பித்தது. குட்டி மேட்டில் நின்று மூக்கை நீட்டி நீட்டி முகர்ந்து, இருபது நிமிஷம் கழித்துத் தானாக உள்ளே வந்தது. தலைக்கயிறை முட்டி வரைக்கும் தலை தாழ்கிற அளவுக்கு விட்டுக் கட்டினோம்.

வீட்டில் லாயம் தயாராக இருந்தும் அதில் அடைக்கவில்லை. வேலி போட்ட திறந்த வெளியில், பெட்டையோடு வேப்பமரத்தடியில் விட்டோம். எங்கள் பக்கம் காற்றாலை அதிகம். சாயங்காலம் இறக்கையின் நிழல் தரையில் நீளமாக வந்து வந்து போகும். முதல் நிழல் வந்ததும் குட்டி நாலுகாலும் பரப்பி நின்றுவிட்டது. பெட்டை தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆறேழு நிழல் போனபின் குட்டியும் தலையைக் குனிந்து சோளத்தட்டைக் கடித்தது. நான் கயிறு பிடித்து நின்றிருந்தால் அன்றைக்கு அது என்னைத்தான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

தீனியை மட்டும் உடனே மாற்றாதீர்கள். குதிரைக்கு வாந்தி வராது. வயிற்றுக்கு ஒவ்வாதது உள்ளே போனால் வலியில் புரளும். விற்றவரிடமே அதே தட்டும் கொள்ளும் ஒரு வாரத்துக்கு வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாக நம்முடையதைக் கலந்தோம். புதுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு கை வெல்லம் கரைத்ததும் குடித்தது.

நாலாம் நாள் காலையில் இடது விலாவில் வைக்கோல்.

மாமாவின் பெட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே. முதல் நாள் குட்டி கொள்ளு தின்னும்போது பெட்டையைப் பத்து நிமிஷம் வெளியே கூட்டிப்போனோம், பிறகு அரைமணி, பிறகு அரைநாள். அதற்குள் ஒரு வெள்ளாட்டுக்குட்டியையும் உள்ளே விட்டிருந்தோம். பத்து நாளில் பெட்டை காங்கேயம் போனது. இப்போது ஆடு லாயத்துத் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு கொள்ளில் பாதியைத் தின்கிறது, குதிரை பேசாமல் நிற்கிறது.