மைசூரா, சென்னையா? பேச்சு சிகிச்சையில் மேற்படிப்பு

பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் இளநிலைப் படிப்பை முடித்த நம்ம ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இரண்டு இடங்களைத்தான் எடைபோடுகிறார்கள். ஒன்று மைசூரில் உள்ள மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம். மற்றது சென்னை போரூர் ராமச்சந்திரா. கோபிச்செட்டிபாளையத்துக்காரனான நான் போரூரில் படித்தவன். என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

கட்டணம், பெயர் என்று பார்த்தால் பேச்சே இல்லை, மைசூருதான். 1965-இல் தொடங்கிய நிறுவனம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ராமச்சந்திராவின் கட்டணத்தோடு பார்த்தால் அங்கே ரொம்பக் குறைவு. நுழைவுத் தேர்வைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கும் கிட்டம்: சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் சாம்ராஜ்நகர் வழியாகப் போய்விடலாம். படிப்பு இரண்டிலும் 2 ஆண்டு. தொழில் செய்யத் தேவையான மறுவாழ்வுக் கவுன்சில் பதிவுக்கும் இரண்டும் செல்லும்.

அப்புறம் ஏன் சென்னை? கிளினிக்கில் என்ன மொழி என்பதற்காக. இந்தப் படிப்பில் பாதி, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான் நடக்கிறது. மைசூரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கன்னடக்காரர்கள். நாளைக்கு ஈரோட்டில் உட்காரப்போகிறவருக்குத் தமிழ்க் காது வேண்டும். வீட்டுப் படத்தைக் காட்டினால் குழந்தை ‘ஊடு’ என்கிறதா? அது கோளாறு இல்லை, நம்மூர்ப் பேச்சு. பள்ளிக்கூட வயதிலும் ‘ராசா’வை ‘லாசா’ என்றால்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்த பெரியவர் ‘பையன் வந்தாள்’ என்று விகுதி தடுமாறுவார். புத்தகத்தில் படித்தால் போதாது, காதில் விழுந்து பழக வேண்டும். பயிற்சி அட்டையில் ‘அவன் சாப்பிடுகிறான்’ என்று எழுதியிருந்தால் கோபிப் பாட்டி அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘பையன் சாப்புடறானுங்களா?’ என்று கேட்டால் பதில் சொல்ல முயல்வார். சென்னைப் பேச்சும் நம்ம பேச்சும் ஒன்றில்லை, சரி. ஆனாலும் அடித்தளம் தமிழ்.

இதே படிப்பில் வரும் விழுங்கும் சிரமத்துக்கான சிகிச்சையில் மொழி அவ்வளவாகக் குறுக்கிடாது, வார்டு அனுபவம்தான் முக்கியம். போரூரில் துறை பெரிய மருத்துவமனையோடு சேர்ந்தே இருப்பது அதற்கு வசதி. ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் கிடையாது. அந்தப் பக்கம் போன நண்பர்கள் மைசூரைத்தான் சொல்கிறார்கள்.

மலைமேல் கர்நாடக எல்லையில் இருக்கும் தாளவாடிப் பக்கம் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அங்கே பல வீடுகளில் கன்னடம்தான். கீழே இறங்கினாலும் நெசவுக் குடும்பங்கள் சிலவற்றில் குழந்தை முதலில் பேசுவது கன்னடமோ தெலுங்கோதான். அவர்கள் வரும்போது மைசூரில் படித்த தோழியைத்தான் நானே போனில் கூப்பிடுகிறேன்.