ஃபெல்ட், ஃப்ளீஸ், மிங்கி, பருத்தி: பஞ்சுப் பொம்மைக்கு எது சரி?

வீட்டில் பொம்மை தைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் துணி வாங்குகிறார்கள். நிறம் எந்தத் துணியிலும் கிடைக்கும். பார்க்க வேண்டியது வேறு இரண்டு: வெட்டிய விளிம்பு பிசிறு பிசிறாகப் பிரியுமா, இழுத்தால் துணி நீளுமா. இது தெரிந்துவிட்டால் கையால் தைப்பதா மெஷினா, தையலுக்கு எவ்வளவு விளிம்பு விடுவது, பஞ்சை எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். அப்புறம் ஒரு கேள்வி, பொம்மை யாருக்கு? அலமாரியில் உட்காரப் போகிறதா, இல்லை ஒரு குழந்தையிடம் போய் இழுபட்டு, கடிபட்டு, அடிக்கடி துவைபடப் போகிறதா? ஒரே கரடியை இரண்டு விதமாகத் தைக்க வேண்டியிருக்கும்.

முதல் பொம்மைக்கு என்னைக் கேட்டால் ஃபெல்ட்தான். இது நெய்ததும் இல்லை, பின்னியதும் இல்லை, இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்தி எடுத்தது. அதனால் பிசிறு கிடையாது. நேர் இழை, குறுக்கு இழை என்று பார்க்க வேண்டாம், துண்டுகளை எப்படித் திருப்பி வைத்தும் நெருக்கி வெட்டலாம். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளிம்பைச் சுற்றி காஜா தையல் போட்டு, நடுவில் பஞ்சு வைத்து மூடினால் பொம்மை ரெடி. தையல் வெளியே தெரியும், தெரியட்டும், ஃபெல்ட்டுக்கு அதுதான் அழகே. வேறு நிற எம்பிராய்டரி நூலில் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும். ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் 1880-ல் தைத்த குட்டி யானையும் ஃபெல்ட்தான். ஊசி குத்திவைக்கும் மெத்தையாகத்தான் அதைச் செய்தார், குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டுவிட, அப்படியே பொம்மைத் தொழிலாக வளர்ந்தது.

ஆனால் ஃபெல்ட் நீளாது. உருண்டையான தலை, குண்டுக் கன்னம் எல்லாம் வேண்டுமென்றால் துண்டுகளையும் மடிப்புகளையும் கூட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பொம்மையும் தட்டையான தலையணையாகவே வரும். அக்ரிலிக் ஃபெல்ட் மலிவு, நிறங்கள் ஏராளம், ஆனால் நாலு நாள் கையில் புரண்டால் மேலே உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கம்பளி ஃபெல்ட் உறுதி, விளிம்பு கத்திபோல வெட்டுப்படும், ஆனால் சுடுதண்ணீர் பட்டால் சுருங்கிவிடும், சில அடர்நிறங்கள் சாயமும் விடும். வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிசாக, அங்கங்கே ஒளி கசிகிற மாதிரி இருந்தால் விடுங்கள், பஞ்சை அழுத்தியதும் தையல் துளைகள் வாயைப் பிளந்துகொள்ளும். ஆக, அலங்காரப் பொம்மை, சாவிக்கொத்து, விரல் பொம்மை, தொட்டிலுக்கு மேலே எட்டாத உயரத்தில் தொங்குவது, இதற்கெல்லாம் ஃபெல்ட். தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கப் போகிற பொம்மைக்கு வேண்டாம்.

அதற்கு ஃப்ளீஸ். 1979-ல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை குளிர் உடைக்காகக் கொண்டுவந்த துணி, பொம்மைக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. பாலியஸ்டர் நூலால் பின்னப்பட்டது, வெட்டினால் பிரியாது, துவைத்தால் சீக்கிரம் காயும். முக்கியமான குணம், குறுக்கே இழுத்தால் நன்றாக நீளும், நெடுக்கே அவ்வளவு நீளாது. இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பேட்டர்னில், அதாவது துணியை வெட்ட வைக்கும் மாதிரித் தாளில், அம்புக்குறி போட்டிருப்பார்கள், துணி மிச்சமாகட்டும் என்று அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு காலை நெடுக்காகவும் இன்னொரு காலைக் குறுக்காகவும் வெட்டினால், பஞ்சு வைத்ததும் ஒரு கால் ஒல்லியாக நீண்டும் மற்றது குட்டையாகப் பெருத்தும் நிற்கும். தைக்கும்போது தெரியவே தெரியாது. நீளும் திசை உடம்பைச் சுற்றி வரும்படி வைப்பதுதான் வழக்கம். அப்போது வயிறு உருண்டு வரும், உயரம் மாறாது. எது நல்ல பக்கம் என்று குழம்பினால், வெட்டிய விளிம்பைக் குறுக்கு வாட்டில் இழுத்துப் பாருங்கள், துணி பின்பக்கமாகச் சுருளும்.

ஃப்ளீஸின் இன்னொரு பெருங்குணம், தப்பை மறைக்கும். கொஞ்சம் கோணலாகப் போன தையல் அந்தப் பஞ்சு மேற்பரப்புக்குள் அமுங்கிக் காணாமல் போய்விடும். பருத்தியில் இந்தச் சலுகை கிடையாது.

மிங்கி, குட்டி ரோமம் வைத்த பாலியஸ்டர் துணி, பார்க்கிறவர்களை மயக்கும். கடையில் விற்கும் மிருதுவான பொம்மைகள் பலவும் இந்த வகைதான், தடவினால் கை எடுக்க மனசு வராது. தைக்க உட்கார்ந்தால்தான் தெரியும் சங்கதி. வெட்டின இடத்திலிருந்து குட்டி ரோமம் பறந்து மேஜை, மூக்கு, சட்டை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெஷினில் வைத்தால் இரண்டு அடுக்கும் ரோமத்தின்மேல் ரோமம் வழுக்கி ஒன்றை ஒன்று தாண்டிப் போகும், வரிசையாகத் தொடங்கிய துணி முடியும் இடத்தில் ஒரு பக்கம் விரல் அகலம் நீட்டிக்கொண்டு நிற்கும். நெருக்கமாகக் குண்டூசி குத்தி, கூடவே கையால் ஓட்டுத் தையல் ஒன்றும் போட்டுக்கொண்டால்தான் அடங்கும். ரோமத்துக்குத் திசையும் உண்டு. தலையிலிருந்து கால் நோக்கிப் படிய வேண்டும். ஒரு காது மட்டும் தலைகீழாக வெட்டப்பட்டிருந்தால் அந்தக் காது வேறு நிறத் துணியில் தைத்ததுபோலத் தெரியும், ஒளி அதில் வேறு மாதிரிப் படும் என்பதால். பின்பக்கத்தில் வரைந்து ஒவ்வொரு அடுக்காக வெட்டுங்கள், மடித்துப் போட்டு இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டாம். இஸ்திரிப்பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள், பாலியஸ்டர் ரோமம் சூட்டில் உருகிப் பளபளவென்று தழும்பாகிவிடும். இரண்டு மூன்று ஃப்ளீஸ் பொம்மை கைவந்த பிறகு மிங்கியைத் தொடுவது நல்லது.

நெய்த பருத்தித் துணிக்கு ஆதரவாளர்கள் அதிகம், காரணமும் நியாயம்தான். பூப்போட்டது, கட்டம் போட்டது, பழைய சட்டை, பழைய பாவாடை எல்லாம் பொம்மையாகும். குழந்தை போட்டுக் கிழித்த சட்டையே முயலாகி வந்தால் அதற்கு ஈடு எந்த மிங்கியும் இல்லை. தைக்கவும் வழுக்காது, இஸ்திரி தாங்கும். ஆனால் விளிம்பு பிசிறாகப் பிரியும், இழுத்தால் நீளாது, இரண்டு குறையும் ஒரே துணியில். தையலைப் பொடியாகப் போட வேண்டும், மெஷினில் 2 மி.மீ. அளவு. வளைவு வரும் இடமெல்லாம் விளிம்பில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்காவிட்டால் திருப்பியதும் கழுத்தும் கைமடிப்பும் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அந்த வெட்டு ஒரு நூல் அதிகமாகிவிட்டால் அங்கேதான் பின்னால் பஞ்சு எட்டிப்பார்க்கும். பழைய துணி இற்றிருந்தால் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டும் ஃப்யூசிங் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

காலுறைப் பொம்மையை இந்தப் பட்டியலில் யாரும் மதிப்பதில்லை, எனக்கென்னவோ அது பிடிக்கும். ஏற்கெனவே குழாயாகப் பின்னியிருக்கிறது, குதிகால் இடம் தானாகவே வாயாகவோ பின்புறமாகவோ ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் ராக்ஃபோர்டு ஊரில் பின்னிய சிவப்புக் குதிகால் காலுறையிலிருந்துதான் அந்தப் பெரிய சிவப்பு வாய்க் குரங்கு பிரபலமானது. வெட்டினால் கண்ணி ஓடும் என்பது ஒன்றுதான் தொல்லை, தைத்த பிறகு வெட்டினால் அதுவும் தீர்ந்தது.

கையா மெஷினா என்ற சண்டை தேவையில்லாதது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மையை மெஷினில் தைப்பது வீண் வேலை, அந்தக் குட்டி வளைவில் துணியைத் திருப்பித் திருப்பி ஊசியை இறக்குவதற்குள் கையாலேயே முடித்துவிடலாம். முழங்கை நீளத்துக்கு மேல் போனால் மெஷின். கையால் தைத்தால் உறுதி குறையும் என்பது பொய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் வந்து குத்தி நெருக்கமாகப் போட்ட பின்தையல் நன்றாகவே தாங்கும், சாதா ஓட்டுத் தையல்தான் தாங்காது. மெஷினில் ஃப்ளீஸும் மிங்கியும் தைக்க முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி போடுங்கள். கூர் ஊசி பின்னலின் நூலையே குத்தும், தையல் விட்டு விட்டு விழும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். துணி நீள்கிறபோது பருத்தி நூல் அறுந்துவிடும்.

எதில் தைத்தாலும் பஞ்சு திணிக்க விட்ட வாயைக் கையால்தான் மூட வேண்டும். ஒரு விளிம்பின் மடிப்புக்குள் ஊசியை ஓட்டி வெளியே எடுத்து, நேர் எதிரே இருக்கும் விளிம்பில் இறக்கி, அதே மாதிரி மாற்றி மாற்றி ஏணிப்படி போலப் போய், நாலைந்து படிக்கு ஒருமுறை நூலை இழுத்தால் படிகள் எல்லாம் உள்ளே மறைந்து வாய் மூடிக்கொள்ளும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வித்தைதான்.

பஞ்சில் பாலியஸ்டர் பஞ்சுக்கே என் ஓட்டு. துவைக்கலாம், காயும், அமுக்கினால் திரும்ப எழும். இலவம்பஞ்சு லேசு, இயற்கையானது, கை வைத்தால் இதம், எல்லாம் சரி. ஆனால் அந்த இழை உள்ளே வெற்றுக் குழலாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பது, தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒருகாலத்தில் உயிர்காப்பு அங்கிக்குள்ளேயே அடைத்தார்கள். நாளாக ஆக நொறுங்கித் தூளாகும், தீயும் சட்டென்று பற்றும். துவைக்காத பொம்மைக்குப் போதும். சாதாரணப் பருத்திப் பஞ்சு நனைந்தால் கட்டிகட்டியாகிக் காய நாளெடுக்கும், ஈரம் நின்றால் பூசணம்தான். துணித் துண்டுகளைத் திணிப்பது சிக்கனம், ஆனால் பொம்மை கனத்து முடிச்சு முடிச்சாக வரும். எதை வைத்தாலும் முதலில் பிய்த்து உதறிக்கொள்ளுங்கள், மூக்கு, கைநுனி போன்ற கடைக்கோடிக்குச் சிட்டிகையாக, உடம்புக்குப் பெரிய கைப்பிடியாக. உடம்பில் குட்டிக் குட்டியாகத் திணித்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டியாக வெளியே தெரியும். கழுத்தில் மட்டும் கஞ்சம் கூடாது, அங்கே குறைந்தால் சில நாளிலேயே தலை தொங்கிவிடும்.

கண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் நூலால் தைத்த கண் மட்டும்தான். பட்டன் வேண்டாம், மணி வேண்டாம், பின்னால் வளையம் மாட்டும் பிளாஸ்டிக் கண்ணுக்கு பாதுகாப்புக் கண் என்று பெயர் இருந்தாலும் அதுவும் வேண்டாம். வளையம் கெட்டிதான், கழலாது, ஆனால் அதைச் சுற்றியுள்ள துணி நைந்தால் கண் மொத்தமாகக் கையோடு வரும். ஐரோப்பிய பொம்மைத் தரமான ஈஎன் 71-ல் 6 மி.மீ.க்கு மேற்பட்ட கண்ணை 90 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 9 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு இழுத்துப் பார்க்கிறார்கள். சிறு பாகம் எது என்று பார்க்க 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஒரு பக்கமாகப் போட்டு முழுசாக அதற்குள் அடங்கிவிட்டாலே அது தொண்டையை அடைக்கக்கூடிய சாமான். வீட்டில் அந்தச் சோதனைக்கு வழியில்லை, நூல் கண்ணில் கழன்று வர எதுவும் இல்லை. பெரிய குழந்தைக்கும் அலமாரிக்கும் பிளாஸ்டிக் கண் தாராளமாகப் போடலாம், பார்வையில் உயிர் கூடும் என்பது உண்மைதான், ஆனால் பஞ்சு வைப்பதற்கு முன்பே மாட்டியாக வேண்டும், மாட்டியபின் நகர்த்த முடியாது. அதனால் தலையைத் தற்காலிகமாகப் பஞ்சால் நிரப்பி, கொண்டை வைத்த குண்டூசி இரண்டைக் குத்தி இடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அகல அகலமாக வைத்தால் குழந்தை முகம், மேலே நெருக்கி வைத்தால் பெரிய மனுஷ முகம்.

கிட் வாங்குவதா, பேட்டர்ன் மட்டும் எடுத்து நாமே துணி வாங்குவதா என்றும் கேட்பார்கள். கிட்டில் எல்லாம் அளவாக வெட்டி வரும், பரிசாகக் கொடுக்க நல்லது, ஆனால் பல கிட்டுகளில் ஃபெல்ட் மெல்லிசு, ஒரு துண்டு கெட்டால் மாற்றுக்கு வழியில்லை. பேட்டர்ன் ஒன்று இருந்தால் அதே முயலை ஃப்ளீஸிலும் பருத்தியிலும் தைத்துப் பார்க்கலாம், ஃப்ளீஸ் முயல் குண்டாகவும் பருத்தி முயல் ஒல்லியாகவும் வரும், அதைப் பார்த்தாலே மேலே சொன்னது எல்லாம் புரிந்துவிடும். அச்செடுக்கும்போது அளவை 100 சதவீதத்தில் வைத்து, ஓரத்தில் இருக்கும் சோதனைக் கட்டத்தை அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். தாளுக்குப் பொருந்தட்டும் என்று பிரின்டர் சுருக்கிவிட்டால், 6 மி.மீ. விளிம்பு என்று நினைத்துத் தைப்பது உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.