கூரை மேல் இருக்கும்வரை செகிரோ நல்ல கேம்

ரிப்பேர் கடையில் என் கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்த பையன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, மத்த பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. எல்1 மட்டும் எப்படி இப்படி ஆச்சு?"

செகிரோ விளையாடியவன் என்றால் கேட்டிருக்க மாட்டான். எதிரியின் வாள் வரும் நொடியில் நம் வாளை வைத்துத் தட்டிவிடுவதற்கு எல்1. அந்தக் கேமில் மூச்சு விடுவதைவிட அதிகமாகச் செய்யும் வேலை அதுதான். ரப்பர் மாற்றி, சுத்தம் செய்து கொடுத்தான். வீட்டுக்கு வந்து, பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாக்கில் நான்காவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதே வாரத்தில் நண்பன் ஒருவன் மெசேஜ் அனுப்பினான். "மச்சான், அந்த சாமுராய் கேம் ஆஃபர்ல வந்திருக்கு. வாங்கலாமா? நீ வருஷக்கணக்கா ஆடுறியே." அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். நாம் ஆடுவது சாமுராய் இல்லை, ஷினோபி, அதாவது மறைந்திருந்து தாக்கும் நிஞ்ஜா. கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்பவர்கள்தான் சாமுராய்கள். நாம் அவர்கள் தலைக்கு மேல், ஓட்டுக் கூரையில் குந்தி உட்கார்ந்து, எப்போது திரும்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இது ஏதோ கதைக்காகச் சொன்ன வித்தியாசம் என்றுதான் முதல் தடவை நினைத்தேன். இந்தக் கேமின் இடங்கள் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பது இரண்டாவது தடவைதான் புரிந்தது.

2019 மார்ச்சில் வந்த கேம். இதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் அதற்கு முன்னால் செய்த டார்க் சோல்ஸ் போன்ற கேம்களில் கால் தவறினால் கதை முடிந்தது. இங்கே உயரத்திலிருந்து குதித்தால் உயிர் குறையாது. அடி தெரியாத பள்ளத்தில் விழுந்தால்கூடக் கொஞ்சம் உயிரைப் பிடுங்கிக்கொண்டு விளிம்பிலேயே திரும்ப நிறுத்திவிடும். இடது கையில் கொக்கிக் கயிறு. பச்சை வட்டம் தெரிந்தால் எல்2, அவ்வளவுதான், அடுத்த மரக்கிளைக்குப் பறந்துவிடலாம். விழுவதற்குப் பயம் இல்லை என்றானதும் மனம் தானாக மேலே பார்க்கத் தொடங்குகிறது. ஒரு புது இடத்துக்குள் நுழைந்தால் நான் இப்போது கதவைத் தேடுவதில்லை, கூரையின் விளிம்பைத்தான் தேடுகிறேன்.

அஷினா கோட்டைதான் எனக்குப் பிடித்த இடம். அதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 'பழைய கல்லறை' என்ற சிலையருகே (செத்தால் திரும்ப எழும் இடங்கள்தான் இந்தச் சிலைகள்) நின்று பார்த்தால் பனி படிந்த ஓடுகள் அடுக்கடுக்காக மேலே போகும். எங்கேயும் அம்புக்குறி கிடையாது. ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரை தெரியும், அங்கே போனால் அதற்கடுத்தது தெரியும். பாதி வழியில் நைட்ஜார் என்ற கூரைக் காவலர்கள் பாய்ந்து வந்து விழுவார்கள். அப்போதுதான் புரியும், கூரை நமக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த இடம் இல்லை என்று. அந்தச் சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு கூரையில் ஓட்டை இருக்கிறது. எட்டிப் பார்த்துக் குதித்தால் உள்ளே பிளாக்ஹாட் பேட்ஜர் என்ற ஆள் கடை போட்டு உட்கார்ந்திருப்பான். முதல் ஆட்டத்தில் அந்த ஓட்டையை நான் கவனிக்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தேன்.

கோட்டையின் அழகு அது மட்டும் இல்லை. கதை நகர நகர, அதே கோட்டைக்கு மூன்று தடவை போகிறோம். முதலில் பகல் வெளிச்சம், அஷினா வீரர்கள் காவல். இரண்டாவது தடவை மத்திய அரசின் ஊதா உடை ஆட்கள் உள்ளே புகுந்திருப்பார்கள். நம்மைக் குத்திக் கொன்ற அதே நைட்ஜார்கள் கூரையில் பிணமாகக் கிடப்பார்கள். எனக்கு நியாயமாகப் பார்த்தால் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது தடவை இரவு, நெருப்பு, சிவப்புக் கவசப் படை. ஒவ்வொரு ஓடும் பழகியிருந்த கூரை அது. எந்த விளிம்பில் நின்றால் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்று கால்களுக்கே தெரியும். அந்த இடம் எரிவதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது. கதையில் நாம் காக்கும் சிறுவன் குரோ பேசும் வசனங்கள் எதுவும் என்னை அந்த அளவுக்குத் தொட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். அஷினா என்ற குலம் ஜப்பானில் உண்மையிலேயே இருந்தது. அய்சு பகுதியை ஆண்டவர்கள், 1589இல் சுரியாகெஹாரா போரில் டாடே மசமுனேவிடம் தோற்று முடிந்தார்கள். கேமில் வரும் அஷினா கற்பனை நாடு. ஆனாலும், பெரிய அரசு ஒன்று நெருங்கி வந்து கொண்டிருக்க, அழியப்போவது தெரிந்தே நிற்கும் சிறிய நாடு என்ற அந்தச் சாயல் இந்தப் பெயருக்குப் பொருத்தம்தான்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைச் சிலர் சோம்பேறித்தனம் என்பார்கள். கோட்டை உச்சியில் அஷினாவின் தளபதி கெனிச்சிரோவோடு மோதிய அதே தளத்தில் பிறகு ஆந்தை என்கிற வளர்ப்புத் தந்தையோடு மோத வேண்டும். மணி ஒன்றைக் காணிக்கை வைத்துப் பழைய நினைவுக்குள் போனால், ஹிராடா மாளிகையின் ரகசிய மண்டபத்தில் லேடி பட்டர்ஃபிளை என்ற எதிரி. வேறொரு மணியை எடுத்துக்கொண்டு அதே நினைவுக்குள் மறுபடி போனால், அதே மண்டபத்தில் இளைய வயது ஆந்தை. கியோபு என்ற வீரன் குதிரையில் வந்து தன் முழுப் பெயரையும் கத்திச் சொன்ன மைதானத்தில்தான் கடைசியில் நெருப்புப் பேய். எல்லாவற்றுக்கும் மேல், கேம் ஆரம்பிக்கும்போது கை வெட்டுப்படும் அந்த நாணல் வெளியில்தான் கடைசிச் சண்டையும். முதல் தடவை ரகசிய வழியாக வெளியே வந்து அந்த வெள்ளைப் பூக்களை மறுபடி பார்த்தபோது கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து கடைசி எதிரி இஷ்ஷினிடம் அடி வாங்கினேன். இரண்டு வாரம்.

சென்போ கோயிலையும் சொல்ல வேண்டும். சிவந்த இலைகள், மலைச்சரிவு, பூச்சி குடியேறிய துறவிகள். நடுவில் ஒரு பாலத்தில் கவச மனிதன் நிற்கிறான். வாள் அவன் மேல் ஏறவே ஏறாது. போஸ்சரை, அதாவது நிலைகுலையாமல் தாங்கும் பலத்தை, உடைத்துப் பாலத்தின் பக்கச் சுவரோடு கீழே தள்ள வேண்டும். அவன் மகன் பெயரைக் கத்திக்கொண்டே விழுவான். அங்கே ஆயுதம் பாலம்தான். அதே கோயிலில் நான்கு குரங்குகளைத் துரத்திப் பிடிக்கும் மண்டபம் ஒன்று உண்டு. பாஸ், அதாவது பெரிய எதிரி என்று பெயர்தான், சண்டையே இல்லை. காது கூர்மையானதற்கு அருவிச் சத்தம், கண் கூர்மையானதற்கு இருட்டறை என்று கட்டடத்தை வைத்தே பிடிக்க வேண்டும். நான்காவது குரங்கு எங்கே என்று அரை மணி நேரம் அலைந்தேன். என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் வரும் பெரிய பாம்பு, எல்லோரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாக: பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட பல்லக்கு ஒன்றுக்குள் ஒளிந்துகொள்ளுங்கள், அது முகத்தைக் கொண்டு வந்து வைக்கும், கண்ணில் குத்திவிட்டு ஓடுங்கள். அந்தப் பயம் ரொம்ப நாள் இருக்கும். பிற்பாடு ஒருநாள் மேலிருந்து அதன் தலை மேல் குதிக்க வாய்ப்பு வரும்போது வட்டியோடு தீரும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என் நண்பன் பணம் கட்டியிருப்பான். கொஞ்சம் பொறுடா.

இந்தக் கேம் நம்மை அறைக்குள் அடைக்கும்போதெல்லாம் கெட்டுப்போகிறது. வெளியே கூரையும் மரமும் இருந்தால், மினி பாஸ் ஒருவனிடம் தோற்கும் நிலை வந்தால் ஓடிவிடலாம். மேலே ஏறிக் காத்திருந்தால் எதிரிகள் தேடிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பழைய இடத்துக்குப் போவார்கள். அப்போது பின்னால் இறங்கி ஒரே குத்தில் ஒரு உயிரைக் கழிக்கலாம். தோல்வியைக்கூடப் பேரம் பேச விடுகிற ஏற்பாடு அது. அறைக்குள் அந்தப் பேரம் கிடையாது. அது பரவாயில்லை, தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது கேமரா.

பள்ளத்தாக்குப் பகுதியில் ஒரு சின்னக் கட்டடத்துக்குள் ஜிராஃப் என்று ஒருவன் இருக்கிறான். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீண்ட நகங்களோடு தவழ்ந்து வந்து, நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருப்பான். தாளம் பிடித்து எல்1 அழுத்தினால் போதும், சுலபமானவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். புது ரப்பர் போட்ட பட்டனைச் சோதிக்க இவனைவிட நல்ல ஆள் கிடையாது என்று நானும் நம்பித்தான் போனேன். டங், டங், டங், டங். ஒவ்வொரு அடியும் நம்மை அரை அடி பின்னால் தள்ளும். முதுகு சுவரில் முட்டும். கேமரா எனக்கும் சுவருக்கும் நடுவில் இடம் இல்லாமல் தலைக்கு மேல் ஏறும். திரையில் என் கொண்டையும் ஒரு துண்டு மரத்தரையும் மட்டும் தெரியும். எதிரி மேல் பார்வையைப் பூட்டி வைக்கும் லாக்-ஆன் விட்டுவிடும். டங் என்ற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் திரை நடுவில் 'சாவு' என்ற அந்தச் சிவப்பு எழுத்து.

ஒருமுறை என்றால் என் தவறு. வருடக்கணக்காக, நான்கு ஆட்டத்திலும், இதே கட்டடத்தில் இதே மாதிரி சாவது எப்படி என் தவறாகும்? சரி, நடுவில் நின்று ஆடு என்பார்கள். நடுவில்தான் ஆரம்பிக்கிறேன். அவன் தள்ளுகிறான். கோட்டை உச்சித் தளத்தில் இந்தப் பிரச்சினை வருவதில்லை, இடம் தாராளம். மண்டபத்தை அகலமாகக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குடிசையை இன்னும் நாலு அடி தள்ளிச் சுவர் எழுப்ப முடியவில்லையா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம் ஆழ்நிலம் என்ற பகுதி. விஷச் சகதி, தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுடுபவர்கள், சகதியின் நடுவிலேயே நிற்கும் பாம்புக்கண் ஷிராஹகி. அங்கே பற்றிக்கொள்ளக் கிளை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து ரசிக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தை எப்போதும் ஓடியே கடக்கிறேன். பிடித்த இடம் எது என்று கேட்டால் மூச்சு வாங்காமல் பேசுகிற நான், இதைப் பற்றி எழுதக்கூட விரும்பவில்லை.

2020 அக்டோபரில் இலவசமாக ஒரு அப்டேட் வந்தது. தோற்கடித்த பாஸ்களோடு சிலையருகிலிருந்தே திரும்ப மோதலாம். நல்ல விஷயம்தான், எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் ஒரு குறை. கெனிச்சிரோவிடம் நேரே கொண்டுபோய் விட்டால், அவனுக்கு முன்னால் வரும் கூரைகள் எங்கே போயின? எனக்கு அவனைவிட அவன் வீட்டுக்குப் போகும் வழிதான் வேண்டும்.

நண்பனுக்கு முதலில் எழுதிய பதில் இது: "கண்ணை மூடிட்டு வாங்கு மச்சான். இதை மாதிரி ஒரு கோட்டையை வேற யாரும் கட்டல." அதை அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்று கன்ட்ரோலரை எடுத்தேன். இப்போது மணி பன்னிரண்டரை. அந்த வரியை அழித்துவிட்டு "வாங்காத" என்று மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று கேட்டிருக்கிறான். ஜிராஃப் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்1 பட்டன் நன்றாக வேலை செய்கிறது.