ரீப்பரோடு வரும் எஃபெக்ட்களில் எவற்றைக் கற்கலாம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள் முதலில் தேடுவது, "எந்தப் பிளகின் வாங்கலாம்?" என்பதைத்தான். பிளகின் என்பது ஒலியைத் திருத்தும் துணைநிரல். வாங்கும் முன், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்ந்தே வரும் மூன்றை முழுதாகக் கற்றுவிடுங்கள்: ரியாஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ), ரியாகாம்ப் (உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரஸர்), ரியாஃபிர் (இரைச்சலைக் கழிப்பது). பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பழைய லேப்டாப்பிலும் திணறாது, நெட் கிடைக்காத ஏற்காட்டு வீட்டில் லைசென்ஸ் கேட்டு நிற்காது, பல வருடம் கழித்துப் பழைய ப்ராஜெக்டைத் திறந்தாலும் ஓடும்.

அதிக நேரம் ஈக்யூவுக்குக் கொடுங்கள். காரணம் நம் அறைதான். பத்துக்குப் பத்து அறை, மேலே பத்தடியில் கான்கிரீட் தளம் என்றால் மூன்று திசையிலும் ஒரே அளவு. 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 113 ஹெர்ட்ஸும் மூன்று பக்கத்திலிருந்தும் சேர்ந்து வீங்கும். ஒரு கட்டையில் (C சுருதியில்) பாடுபவரின் மந்திர ஸ்தாயி சதுஸ்ருதி தைவதம் கிட்டத்தட்ட 110 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் மட்டும் 'கும்'மென்று எழுவது குரலின் குறை அல்ல. ரியாஈக்யூவில் ஒரு பேண்டை 113இல் வைத்து, அகலம் 0.3 ஆக்டேவ், 4 டெசிபல் குறைத்தால் அடங்கும். ஆனால் ஈக்யூ அளவைத்தான் குறைக்கும், அறை இழுக்கும் ரீங்காரத்தை அல்ல. 113க்கு அறையின் நடுப்பகுதி உச்சம்; சுவரிலிருந்து இரண்டரை அடியில் ஏறக்குறைய இல்லை. மைக்கை அங்கே நகர்த்துங்கள். தரையில் சம்மணமிட்டுப் பாடினால் மைக்கின் உயரமும் தானாகவே இரண்டரை அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், அது நமக்கு வாய்த்த வசதி.

லோ கட் (குறித்த அலைவரிசைக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) ஆண் குரலுக்கு 80, பெண் குரலுக்கு 100 முதல் 120 ஹெர்ட்ஸ். மிருதங்கத்துக்கு அதே அளவை வைத்தால், தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி செத்துவிடும். 40க்கு மேல் போகாதீர்கள்.

கம்ப்ரஸரில் குரலுக்கு ரேஷியோ (அடக்கும் விகிதம்) 3, அட்டாக் (அடக்க எடுக்கும் நேரம்) 10 மில்லி செகண்ட், ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 100 முதல் 150. மீட்டரில் 3 முதல் 6 டெசிபல் இறங்கும்வரை த்ரெஷோல்டை (அடக்கம் தொடங்கும் அளவை) குறையுங்கள். தவில், பறைக்கு அட்டாக் 25 முதல் 30 வேண்டும். 3இல் வைத்தால் அடியின் முனையே மழுங்கும். தானாகவே சத்தத்தைக் கூட்டும் ஆட்டோ மேக்கப்பை அணைத்துவிட்டு, வெட் (எஃபெக்ட் சேர்ந்த ஒலி) ஃபேடரால் சத்தத்தைச் சமன் செய்து, பைபாஸ் போட்டு (எஃபெக்டை விலக்கி) ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

ரியாஃபிர் ஃபேன் இரைச்சலுக்கு அருமை. சப்ட்ராக்ட் மோடில் வைத்து, நாய்ஸ் ப்ரொஃபைல் உருவாக்கும் பெட்டியை டிக் செய்து, பாட்டில்லாத சில விநாடிகளை ஓட்டி, டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் குரலையும் இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். பதிவு செய்யும்போது இதை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஹெட்போனில் குரல் தாமதமாக வரும். விசைத்தறிச் சத்தத்துக்கு மட்டும் இது உதவாது. தறி சீராக இரைவதில்லை. நாடாவின் ஒவ்வொரு அடியும் தனித்தனி வெடிப்பு, எல்லா அலைவரிசையிலும் பரவுவது. வலிந்து கழித்தால் குரல் தண்ணீருக்குள் பாடுவதுபோல் ஆகும். சத்தம் குறைந்த இடங்களை அடைத்துவிடும் ரியாகேட் போட்டாலும் இடைவெளிகள்தான் சுத்தமாகும், பாடும்போது தறி கூடவே வரும். டைனமிக் மைக்கை நான்கு அங்குலத்தில் வைத்து, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள். தறியும் நிற்கும், சார்ஜர் வழியே வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் போய்விடும். ஏற்காட்டில் தகரக் கூரையில் கொட்டும் மழையைப் போக்கவும் எந்தப் பிளகினும் இல்லை.

ரிவெர்பில்தான் (ஹாலின் எதிரொலிப்பைச் சேர்ப்பதில்) ரீப்பர் பின்தங்குகிறது. ரியாவெர்பேட் தாளக் கருவிகளில் உலோகம் தட்டியது போல ஒலிக்கும். ஒரு ஹாலின் இம்பல்ஸ் (அதன் எதிரொலிப்பின் பதிவு) வேவ் ஃபைலை ரியாவெர்பில் ஏற்றுவது எவ்வளவோ மேல். எதுவானாலும் தனி ட்ராக்கில் போட்டு, குரலின் ஒரு பங்கை அங்கே அனுப்பும் சென்ட் வழியாகக் கொடுங்கள். ப்ரீ டிலே (எதிரொலிப்பு தொடங்குமுன் இடைவெளி) 30 மில்லி செகண்ட், முன்னால் 250 ஹெர்ட்ஸ் லோ கட். நீண்ட கார்வைக்கு இலவச ரிவெர்ப் பிளகினான வல்ஹல்லா சூப்பர்மாசிவ் நல்ல துணை.

சுருதியைத் திருத்தும் ரியாட்யூனின் தானியங்கித் திருத்தத்தைக் கர்நாடக சங்கீதத்தில் தொடவே வேண்டாம். தோடி காந்தாரத்தின் அசைவை அது பிழையென்று எண்ணி, பக்கத்து ஸ்வரங்களில் ஒட்டவைத்துவிடும். வீணைக்கும் தம்பூராவுக்கும் சுருதி சேர்க்க அதே ரியாட்யூனின் ட்யூனர் பக்கம் போதும்.