லாகின் பண்ணாமலே புரோகிராம் ஓடணும்: டாஸ்க் ஷெட்யூலரா, சர்வீஸா, ஆட்டோ லாகினா?

எண்ணூர், மணலி பக்கத்து எடை மேடைகளில் ராத்திரியிலும் கன்டெய்னர் லாரி வரும். கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, திரும்பக் கரண்ட் வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) அதற்கான செட்டிங் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிவிடும், ஆனால் பாஸ்வேர்டு கேட்டு அங்கேயே நிற்கும், பாஸ்வேர்டு தெரிந்தவரோ தண்டையார்பேட்டையில் தூங்கிக்கொண்டிருப்பார். எடையை வாங்கி ஆபீசுக்கு அனுப்பும் புரோகிராம் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருந்து என்ன பிரயோஜனம்? யாராவது லாகின் செய்தால்தான் விண்டோஸ் அந்தப் பக்கமே போகும். விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், லாகின் ஆனதும் ஓட வேண்டியவற்றைக் குறிக்கும் ரன் கீயும் அப்படித்தான். இரண்டையும் விட்டுவிடலாம்.

பலர் முதலில் போவது, சொன்ன நேரத்தில் புரோகிராமை ஓடவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலருக்கு. தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ட்ரிக்கரில் 'அட் ஸ்டார்ட்அப்', யூசராக விண்டோஸின் சொந்த சிஸ்டம் அக்கவுண்ட், அவ்வளவுதான். வில்லங்கம் எல்லாம் டீஃபால்ட் செட்டிங்கில் இருக்கிறது. 3 நாளுக்கு மேல் ஓடினால் டாஸ்க்கை நிறுத்து என்று ஒரு டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஓடவிட்ட புரோகிராம் திங்கட்கிழமை காரணமே தெரியாமல் நின்றிருக்கும். லேப்டாப் என்றால், சார்ஜரில் இருந்தால் மட்டும் ஆரம்பி என்று இன்னொரு டிக். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தை வெறுமையாக விட்டால் புரோகிராம் தன் கான்ஃபிக் ஃபைலை சிஸ்டம்32 ஃபோல்டரில் போய்த் தேடும். இசட் டிரைவ் மாதிரி மேப் செய்தவை சிஸ்டம் அக்கவுண்டுக்குத் தெரியாது, நெட்வொர்க் பாதையை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

இதைவிடக் குழப்புவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னல் முழுதாக மூடப்படுவதில்லை, அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு ஹைபர்னேட் ஆகிறது. மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸ் கணக்கில் அது புது ஸ்டார்ட்அப்பே இல்லை, டாஸ்க் ஓடாமல் போகலாம். கரண்ட் கட்டாகி எழுந்த மெஷினில் ஓடும், முறையாக ஷட் டவுன் செய்த மெஷினில் ஓடாது! எந்த வழியில் போனாலும் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டியதற்கு என் ஓட்டு, யாரும் லாகின் செய்யாமலே விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் சர்வீஸுக்குத்தான். நடுவில் செத்தால் சர்வீஸின் ரெக்கவரி டேப்பில் சொன்னபடி விண்டோஸ் திரும்ப எழுப்பும், டாஸ்க்கை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. ஆனால் சாதாரண எக்ஸி (.exe) ஃபைலை நேராக சர்வீஸாகப் பதிந்தால் 30 வினாடி காத்திருந்து 1053 எரர் வரும், ஏனென்றால் 'நான் எழுந்துவிட்டேன்' என்று விண்டோஸுக்குச் சொல்ல அதற்குத் தெரியாது. என்எஸ்எஸ்எம் அல்லது வின்எஸ்டபிள்யூ என்ற சிறு கருவியை நடுவில் வைத்தால் அது பதில் சொல்லிக்கொள்ளும். லினக்ஸ்காரர்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம், அங்கே சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் சில வரிகளில் முடிந்துவிடும்.

சரி, புரோகிராமுக்கு ஜன்னல் இருந்தால்? விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் யூசரின் திரைக்குத் தெரியாத செஷன் 0-வில் தனியாக ஓடுகின்றன, சிஸ்டம் அக்கவுண்டில் ஓடும் டாஸ்க்கும் அங்கேதான். உள்ளே ஒரு மெசேஜ் பாக்ஸ் வந்து 'ஓகே' கேட்டு நின்றால் யார் கண்ணிலும் படாது. திரையில் எடை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டு கேட்காமல் தானாக உள்ளே போகும் ஆட்டோ லாகின் ஒன்றுதான் வழி. ராத்திரியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் அறையில் திறந்த டெஸ்க்டாப் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் லாகின் ஆனதும் திரையைப் பூட்டும் கமாண்டையும் ஸ்டார்ட்அப்பில் போட்டுவிடலாம், பூட்டினாலும் புரோகிராம் ஓடும், எடையைப் பார்க்கும்போது மட்டும் பூட்டைத் திறக்க வேண்டும். பாஸ்வேர்டை ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதாதீர்கள், பச்சையாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோலாகான் அதை என்கிரிப்ட் செய்து வைக்கும்.

எதைப் போட்டாலும் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு லாகின் செய்யாமல் பக்கத்து மெஷினிலிருந்து லாக் ஃபைலைப் பாருங்கள், அப்புறம் ஒரு தடவை முழுதாக ஷட் டவுன் செய்தும் பாருங்கள்.